காரணக் கட்டம்

புதுவயல் அரிசி ஆலையில்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
முதல் தேதிக்கு முந்தின ராத்திரி
எல்லோருடைய உடம்பும்
எண்ணாக மாறி என் மேசைக்கு வரும்.

பஞ்சவர்ணம்.
நாள்கூலி முந்நூற்று எண்பது.
மாசம் முழுக்க வந்தால்
ஊக்கத்தொகை தொள்ளாயிரம்.
ஒரே ஒரு அரைநாள் விட்டாலும்
அந்தத் தொள்ளாயிரம் இல்லை.

பன்னிரண்டாம் தேதி
அவியல் தொட்டிப் பக்கம் நின்றிருந்தவள்
நெல் ஆவியை விட்டு விறுவிறுவென்று வெளியே போய்
குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தாள்.
சேலையோடு, முகத்தோடு, மூக்குத்தியோடு.
மேஸ்திரி பார்த்தான்,
அரைநாள் என்று எழுதினான்.
கால் மணி நேரம்.
ஆயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.
இந்த ஊரில் அவ்வளவு விலைக்கு
யாரும் தண்ணீர் விற்றதில்லை.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு கணினியில்.
தொட்டால் விரியும்:
காய்ச்சல், விபத்து, கோயில், சாவு, சொந்த வேலை.
"எதப் போட?" என்றேன்.
"நின்னு போச்சு கணக்கம்மா, அதான்."
வாசலில் இருந்த மேஸ்திரி பதறினான்:
"எந்த மெஷினு?"

சிரித்தோம் இரண்டு பேரும்.
சிரித்து முடிக்குமுன்
என் கழுத்திலும் ஏறியது.
நாற்பத்தெட்டு எனக்கு.
போன மாசம் ஒரு பூஜ்யம் விட்டுப்போனது;
'மறதிக் கேஸ்' என்றார்கள் கண்ணாடி அறையில்.
எனக்கு வரவேண்டிய நாற்காலி
இருபத்தேழு வயதுப் பையனுக்குப் போனது.
நல்ல பையன். பூஜ்யங்களை விடுவதில்லை.

அன்றிரவு பழைய பதிவேடுகளை இறக்கினேன்.
அழகுமீனாள், நாற்பத்தேழு,
பதினாறு வருஷ சர்வீஸ்: தானாக விலகினார்.
ஆரோக்கியசெல்வி, நாற்பத்தொன்பது: தானாக விலகினார்.
சம்சாத் பேகம், ஐம்பது: தானாக.
தானாக, தானாக என்று
ஏழு இடத்தில் என் கையெழுத்து.
ஐம்பத்தெட்டுக்கென்று சேர்ந்த பி.எஃப். பணம்
ஒருத்திக்கு மகனின் ஆட்டோவாயிற்று,
ஒருத்திக்கு வட்டியாயிற்று,
மற்றவர்களுக்கு என்னவாயிற்று என்று
நான் கேட்டதில்லை.

உடம்பைப் பற்றிப் பேசினால்
சின்ன முதலாளி காலண்டரைப் பார்ப்பார்.
தெரியும்.
அதனால் நொய்யைப் பற்றிப் பேசினேன்.
வர்ணம் பதம் பார்த்து இறக்கிய நெல்லில்
நூற்றுக்கு நாலு நொய்.
புது ஆள் பார்த்த வாரம் ஒன்பது.
ஒரு லோடுக்கு எவ்வளவு,
ஏழு பேர் போனதற்கு எவ்வளவு,
மிச்சம் பிடித்த தொள்ளாயிரங்கள் எவ்வளவு.
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
செட்டிநாட்டில்
கணக்குக்கு வெட்கம் கிடையாது.

ரொம்ப நேரம் பார்த்தார்.
"மாசம் ரெண்டு அரைநாள் வரைக்கும்
ஊக்கத்தொகையில கை வைக்க வேணாம்.
ஃபேனுக்குக் கீழ ஒரு பெஞ்சு போடுங்க.
கட்டத்துல என்ன வேணா எழுதிக்கங்க,
என்கிட்ட சொல்லாதீங்க."

பெரிதாக ஒன்றுமில்லை.
போன ஏழு பேர் திரும்பப் போவதில்லை.
நாற்காலியும் அந்தப் பையனிடம்தான்.
பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை,
அரிசிச் சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தோம்.

ஆறாவதாகச் சேர்க்க
ஒரு சொல் வேண்டியிருந்தது.
ஆஸ்பத்திரிச் சொல் நீளமாக இருந்தது,
கட்டத்தில் அடங்கவில்லை.
வர்ணம் சொன்னாள்:
"வேக்காடுன்னு போடு.
நெல்லுக்கும் அதான, நமக்கும் அதான."

போட்டேன்.
முதல் வரியில் அவள் பெயர்.
அடுத்த வரியில் கை தயங்கியது.
மாதச் சம்பளக்காரி, ஆபீஸ்காரி,
எனக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு.
விரலிலிருந்து ஒரு சொட்டு
விசைப்பலகையில் விழுந்தது.

பணி எண் பதினேழு.
மணி இரண்டு நாற்பது.
காரணம்:
தொட்டேன்,
விரிந்தது.